ஒம்பது லட்சம் லாபம் எங்கே போச்சு?

நிதி மேலாண்மையை எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காரைக்குடியில் சின்னச் சின்னத் தொழில்களுக்குக் கணக்கு பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆத்தங்குடிப் பக்கம் தரைக்குப் பதிக்கிற கல் (டைல்ஸ்) போடுகிற பட்டறை, பலகாரக் கடை, கண்டாங்கி நெசவு, பழைய மரச்சாமான் வியாபாரம் என்று கலவையான ஆட்கள். வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் எம்.பி.ஏ. முடித்தேன். அங்கே நிதிப் பாடத்தின் முதல் வகுப்பில் எழுதிப் போட்டது, 'நிறுவனத்தின் நோக்கம் பங்குதாரர்களின் செல்வத்தைப் பெருக்குவது.' அடுத்து மூன்று முடிவுகள்: பணத்தை எதில் போடுவது, எங்கிருந்து திரட்டுவது, லாபத்தில் எவ்வளவைப் பிரித்துக் கொடுப்பது. அதற்கப்புறம் வரிசையாகச் சூத்திரங்கள். நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்ட வேண்டிய பணம், என்ற அத்தியாயம் புத்தகத்தின் கடைசியில் வந்தது. அதற்குள் பரீட்சை நெருங்கிவிட்டதால் 'இதை வீட்டிலேயே படிச்சுக்கங்க' என்று விட்டுவிட்டார்கள். பாடத்தில் தப்பில்லை. வரிசைதான் எனக்கு ஒப்பவில்லை. கடைசியில் விட்ட அந்த அத்தியாயம்தான் என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு தொழிலையும் தூக்கிவிடுகிறது, அல்லது சாய்க்கிறது.

இதை உரக்கச் சொல்ல வைத்தது கல் பட்டறை அண்ணன் கேட்ட ஒரு கேள்வி. வருஷக் கணக்கை முடித்து, ஆடிட்டர் கையெழுத்தும் வாங்கி, ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, லாப வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, ஒம்பது லட்சம் லாபம்னு போட்டிருக்கீங்க. சந்தோஷம். ஆனா போன மாசம் கூலி கொடுக்க நான் மச்சான்கிட்ட கைமாத்து வாங்கினேன். இந்த ஒம்பது லட்சம் எங்கே இருக்கு?" கோபமே இல்லாமல் கேட்டார். நான் எழுதிய எந்தப் பரீட்சைத் தாளிலும் இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை.

பேப்பரை எடுத்து அங்கேயே எழுதிக் காட்டினேன். எண்களை இங்கே கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். லாபம் 9 லட்சம். தேய்மானம் 1 லட்சம். அது ஏட்டில் செலவு, கையை விட்டுப் போகிற பணமல்ல, ஆகவே திரும்பச் சேர்க்க வேண்டும். வந்தது 10 லட்சம். இனிப் போனது: பார்ட்டிகள் தர வேண்டிய பாக்கி போன வருஷத்தைவிட 6 லட்சம் கூடியிருக்கிறது. அடுக்கி வைத்த கல்லும் சிமெண்டும் நிறப்பொடியும் ஒன்றரை லட்சம் கூடுதல். வண்டிக் கடனில் அசல் கட்டியது 2 லட்சம். வட்டி மட்டும்தான் செலவுக் கணக்கில் வரும், அசல் வராது. வீட்டுச் செலவுக்கு அவர் எடுத்தது இரண்டரை லட்சம். ஆக மொத்தம் 12 லட்சம். பத்து வந்து பன்னிரண்டு போயிருக்கிறது. துண்டு விழுந்த இரண்டு லட்சத்துக்கு ஓ.டி. (பேங்கில் இருப்புக்கு மேல் எடுக்கிற கடன்) கூடியிருக்கிறது. அண்ணன் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்தொகையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் வருகிற ரொக்க ஓட்ட அறிக்கையும் அச்சு அசல் இதே கணக்குதான். லாபத்தில் தொடங்கு, கைக்கு வராததைக் கழி, கையை விட்டுப் போகாததைக் கூட்டு. லட்சத்துக்குப் பதில் கோடி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல் காய்கிற நேரம்

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது சுலபமாகப் புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை அலுங்காமல் எடுத்துவிட்டு, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு அழுத்திச் சமன்படுத்துகிறார்கள். பிறகு காய வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். திரும்பக் காய வேண்டும். அப்போதுதான் கண்ணாடி தானாக விட்டு, வழவழப்பான முகம் வெளியே வரும். நெருப்பும் கிடையாது, சூளையும் கிடையாது. ஆள் கையும் தண்ணீரும் வெயிலும்தான். அவசரப்படுத்தினால் கல் வெடிக்கும். மழைக்காலம் என்றால் இன்னும் இழுக்கும். அப்புறம் அடுக்கி வைத்து, ஒரே நிறத்தில் ஆர்டருக்கு வேண்டிய அளவு சேர்ந்த பிறகுதான் லாரி ஏறும்.

இந்தப் பட்டறைக்கு நாள் கணக்கு போட்டோம். சிமெண்ட் வந்து இறங்கிய நாளிலிருந்து கல் லாரி ஏறும்வரை சராசரி 30 நாள். லாரி ஏறிய நாளிலிருந்து பணம் வரும்வரை 75 நாள். சென்னையிலும் பெங்களூரிலும் ரிசார்ட் கட்டுகிற காண்ட்ராக்டர்கள்தான் இப்போது பெரிய பார்ட்டி, அவர்கள் வழக்கம் அது. சிமெண்ட் கடைக்காரர் அண்ணனுக்குக் கொடுக்கிற தவணை 20 நாள். 30-ஐயும் 75-ஐயும் கூட்டி 20-ஐக் கழித்தால் 85 நாள். அந்த 85 நாளும் அண்ணன் சொந்தக் காசில் தொழில் நடத்துகிறார். வருஷச் செலவு 54 லட்சத்து 75 ஆயிரம், நாளுக்கு 15,000. 85 நாளுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம். தொழில் நடக்கிறவரை இந்தப் பணம் முடங்கித்தான் கிடக்கும், திரும்பி வராது. 12 சதவீத வட்டியில் இதற்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சத்து 53 ஆயிரம் ஆகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர் புது விஷயத்தை எடுத்தார். ஒரு பெரிய ஆர்டர் வருகிறது, உற்பத்தியை இரட்டிப்பாக்கப் போகிறேன் என்றார். லாபமும் இரட்டிப்பாகும் என்பது உண்மை. வருஷத்துக்கு 9 லட்சம் கூடும், மாதத்துக்கு 75,000. ஆனால் முடங்குகிற பணமும் இரட்டிப்பாகும். இன்னொரு 12 லட்சத்து 75 ஆயிரத்தை முதலில் இறக்கிவிட்டுத்தான் அந்த 75,000-ஐக் கண்ணால் பார்க்க முடியும். கூடுதல் லாபம் இந்தக் கூடுதல் முதலை மீட்டுத் தர 17 மாதம் ஆகும். அதுவும் யாரும் பாக்கி வைக்காமல் இருந்தால். நன்றாக ஓடுகிற தொழில் வளர வளர மூச்சு முட்டுவதன் காரணம் இதுதான். நஷ்டத்தில் மூடிய கடைகளைவிட, ஆர்டர் கூடிய வருஷத்தில் திணறிய கடைகள் என் அனுபவத்தில் அதிகம்.

சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 2023-ல் 43பி பிரிவில் ஒரு விதி சேர்த்தார்கள். குறு, சிறு தொழில்களுக்குக் காலத்தில் கொடுக்காத பாக்கியை, கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்கிறது அது. உத்யம் என்ற அரசுப் பதிவு இருக்கிற குறு, சிறு உற்பத்தியாளர்கள் புகார் செய்யலாம். ஆனால் புகார் செய்த பார்ட்டி அடுத்த ஆர்டர் தர மாட்டான் என்று ஒவ்வொரு பட்டறைக்காரரும் சொல்கிறார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பில் போட்ட பிறகு சண்டை போடுவதைவிட, ஆர்டர் பிடிக்கும்போதே பாதி முன்பணம் பேசச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் நினைத்த கடையில் கிடைக்கிற சரக்கில்லை. கேட்கிற நிலையில் இவர்கள்தான் இருக்கிறார்கள்.

மூணு வட்டி

கானாடுகாத்தானில் ஒரு ஐயா இருக்கிறார். எண்பதைத் தாண்டிய வயது. சின்னப் பிள்ளையில் பினாங்கில் உறவினர் கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடிப் பையனாக) இருந்து, அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆளாகி), ஊர் திரும்பியவர். அவர் வீட்டு வாடகைக் கணக்கை நான் பார்ப்பதால் அடிக்கடி போவேன். எம்.பி.ஏ.வில் படித்த ஒரு கணக்கை ஒருநாள் அவரிடம் சொன்னேன். சரக்கு கொடுப்பவர் சொல்கிறார்: முப்பது நாளில் முழுப் பணம் கொடுங்கள், பத்து நாளில் கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தள்ளுபடி. கையில் பணமில்லை, கடன் வாங்கியாவது பத்தாம் நாளே கொடுக்கலாமா?

ஐயா பேனாவைத் தொடவில்லை. "தொண்ணூத்தெட்டு ரூவாயை இருவது நாள் வச்சிருக்க ரெண்டு ரூவா. மாசத்துக்கு மூணு வட்டிக்கு மேல போகுதேம்மா. ஒரு வட்டிக்கு வாங்கிக் கொடுத்துட்டுப் போ." புத்தகத்தில் அரைப் பக்கம் எடுத்து வருஷத்துக்கு 37 சதவீதம் என்று வருகிற விடை அது. பணத்தின் காலமதிப்பு என்று தனி அத்தியாயமாக நாங்கள் படித்தது அவருக்குப் பேச்சோடு பேச்சாக வருகிறது. மூன்று வருஷம் கழித்து வரப்போகிற ஒரு லட்சம், ஒரு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்குப் பன்னிரண்டு) இன்று என்ன பெறும் என்று கேட்டேன். வருஷ வட்டியை வருஷக் கடைசியில் சேர்த்து, எழுபத்தொண்ணே சொச்சம் என்றார். என் கால்குலேட்டரில் 71,178. முதலீட்டுத் திட்டங்களை அளக்கும் நிகர நிகழ்கால மதிப்பு என்ற பெரிய கருவி இந்தக் கழிவைத்தான் வருஷா வருஷம் செய்து கூட்டுகிறது.

பர்மா, மலாயா போய் வட்டித்தொழில் செய்த எங்கள் பக்கத்துச் செட்டியார்களின் பழைய கடைகள் எப்படி அமைந்திருந்தன என்பதையும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைக்கு ஒரு விலாசம், அதாவது கடையின் பெயரெழுத்துகள். முதலாளி பெரும்பாலும் ஊரில். கொண்டுவிக்க, அதாவது வெளியூர்த் தொழிலுக்கு, போன இடத்தில் ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் ஏட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கடையின் மூலதனத்தில் ஒரு பகுதி சொந்தப் பணம், மீதி மேம்பணம். அதாவது உறவினர்களும் ஆச்சிமார்களும் கோயிலும் போட்டு வைத்த பணம். ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் பணத்துக்கு நடப்பு வட்டி என்று ஒன்று இருந்தது. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதா மாதம் கூடி அதை நிர்ணயித்தார்கள். இன்று கம்பெனி நிதியில் பங்கு மூலதனம், கடன் மூலதனம், மூலதனச் செலவு, முதலாளிக்கும் நிர்வாகிக்கும் இடையிலான சிக்கல் என்று பிரித்துப் படிக்கிற எல்லாமே அந்தக் கடைக்குள் இருந்தன. அப்படியானால் இவ்வளவு தெரிந்தவர்கள் பர்மாவில் போட்ட பணத்தை எப்படி விட்டார்கள்?

1930-க்கும் 1938-க்கும் நடுவில்

இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்: ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போச்சு. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும், நடந்தே ஊர் திரும்பியவர்கள் பட்டபாடும், 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டதும் உண்மை. அந்த இழப்பின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒருநாள் பழைய பர்மா நிலக் கணக்கு ஒன்றைப் படித்தபோது என் மனதில் இந்தப் பாடம் முழுவதும் இடம் மாறி உட்கார்ந்தது.

1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகளின் மொத்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. பெரும்பகுதி நெல் விளைவிக்கிறவர்களுக்குக் கொடுத்த கடன். அப்போது கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் மொத்தத்தில் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். கிட்டத்தட்ட 5.7 லட்சம் ஏக்கர் 24 லட்சம் ஏக்கருக்கு மேல் ஆகிவிட்டது. முதல்முறை பார்க்கிறவருக்கு அமோக வளர்ச்சி என்றே தோன்றும். நடந்தது என்னவென்றால், உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. வாங்கினவரால் கட்ட முடியவில்லை. அடகு வைத்த நிலம் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. கடைக்காரர்கள் நிலம் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம். எல்லோரிடமும் நிலம் குவிந்திருக்கும்போது அதை வாங்க ஆளில்லை.

அந்த எட்டு வருஷத்தின் ஐந்தொகையை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் மேம்பணம் அப்படியே நிற்கிறது. போட்டவர் கேட்டால் கொடுக்க வேண்டியது. மறுபக்கம் அறுவடைக்கு அறுவடை திரும்பி வந்துகொண்டிருந்த கடன் என்ற வரி சுருங்கி, நிலம் என்ற வரி வீங்குகிறது. கூட்டுத்தொகையில் பெரிய மாற்றம் தெரியாது. ஏட்டின்படி சொத்து இருக்கிறது. குண்டு விழுவதற்குப் பல வருஷம் முன்பே, சீக்கிரம் திரும்பி வரும் பணம் நகர்த்த முடியாத சொத்தாக மாறிவிட்டது. போர் வந்தபோது தூக்கிக்கொண்டு வர ஏதுமில்லாமல் போனதற்கு இதுவும் காரணம். வட்டி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கேட்டால் இது பிடிபடாது. எந்தப் பணம் எப்போது திரும்பும், யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் தேதி போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

இது கடந்துபோன கதை என்று யாரும் சொல்ல முடியாது. 2018-ல் சாலை போன்ற கட்டமைப்புகளுக்குப் பணம் போடும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் தவணை தவறியபோது அதன் கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அவர்கள் போட்ட சாலையும் குடைந்த சுரங்கப் பாதையும் உண்மையான சொத்துகள். சுங்கக் கட்டணமாகப் பல வருஷத்தில் பணம் தரக்கூடியவை. ஆனால் கடனில் ஒரு பகுதி சில மாதங்களில் திருப்ப வேண்டிய வகை. பழைய கடன் பத்திரத்தை அடைக்கப் புதுக் கடன் பத்திரம் விற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் வாங்க ஆளில்லை. தவறுவதற்குச் சில வாரம் முன்புவரை உயர்ந்த தர மதிப்பீடு இருந்தது. அக்டோபர் 1 அன்று அரசு இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதுக் குழுவை அமர்த்த வேண்டியதாயிற்று. படித்தவர்களும் தணிக்கையாளர்களும் நிறைந்த இடம்.

அதனால்தான் வரிசையைப் பற்றி இவ்வளவு பிடிவாதம். மோடிக்லியானி, மில்லர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1958-ல் சொன்னது அழகான தேற்றம்: வரியும் திவால் செலவும் இல்லாத சந்தையில், கடனும் சொந்த முதலும் எந்த விகிதத்தில் கலந்தாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது. அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பி.காம். முடித்து அப்பா கடையில் உட்காரப்போகிற பிள்ளை அதற்கு முன்னால் தன் கடையின் 85 நாளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட நாள் நிற்கிற சொத்துக்கு நீண்ட நாள் பணம், வந்து போகிற சரக்குக்குக் குறுகிய நாள் பணம் என்ற ஒரு விதி மனதில் ஊன்றிவிட்டால், கடன் விகிதமும் மூலதனச் செலவும் தானாக இடம் தேடி உட்காரும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் நான் எடுக்கிற வகுப்பில் இப்போது அப்படித்தான் தொடங்குகிறேன். முதல் வேலை, வீட்டுக் கடையின் பில் புத்தகத்தை எடுத்து, பில் தேதியும் பணம் வந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. பலகாரக் கடைப் பெண் எழுதிவந்த தாளில் கடை விற்பனைக்கு நாள் கணக்கே இல்லை. கல்யாண ஆர்டர்களில் மட்டும் இரண்டு மாதப் பாக்கி. சீடையும் மணகோலமும் கடனுக்குப் போகிற இடம் அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

பட்டறை அண்ணன் பெரிய ஆர்டருக்குப் பாதி முன்பணம் கேட்டார். நாற்பது சதவீதம் தருகிறோம், மீதியில் பாதி லாரி ஏறும்போது என்று முடிந்திருக்கிறது. முன்பணம் போன வாரம் பேங்கில் ஏறிவிட்டது. ஏறிய மறுநாளே வந்து உட்கார்ந்தார். பட்டறைக்கு அடுத்தாற்போல ஒரு மனை விலைக்கு வருகிறதாம். "கல் காயப் போட இடம் பத்தலை. நிலம் எங்கே தங்கச்சி ஓடிப் போகப் போகுது? இந்தப் பணத்தை வச்சு முடிச்சுரலாமா?" மனை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த முன்பணம் அவர் பணமில்லை, இன்னும் போடாத கல்லின் பணம். அடுத்த மாதம் சிமெண்டும் கூலியுமாக வெளியே போக வேண்டியது. மனைக்குத் தவணைக் கடனாக ஏழு வருஷம் கேட்டு பேங்குக்கு எழுதுவோம், முன்பணத்தைத் தொட வேண்டாம் என்றேன். தவணைக்கு மாதம் எவ்வளவு வரும், இப்போதைய லாபத்தில் அதைத் தாங்க முடியுமா என்று ஒரு தாள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. வீட்டில் கலந்துகொண்டு திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.